மிளகாயைக் கீறியது யார்?

விருந்தாளி வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் பஜ்ஜி போட்டு நீட்டுவது நம் வீடுகளில் வழக்கந்தான். வாழைக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் பரம சாது. யார் வேண்டுமானாலும் நறுக்கலாம். ஆனால் மிளகாய் பஜ்ஜி இருக்கிறதே, அது வேறு ரகம்! அதிலும் ஆந்திர தேசத்தில் செய்வதுபோல் உள்ளே புளி அடைத்துச் செய்வதென்றால் பொறுமையோடு கொஞ்சம் தைரியமும் வேண்டும்.

முறை என்னவோ சுலபமானதுதான். நீளமான பஜ்ஜி மிளகாயாகப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். காம்பைக் கிள்ளாமல், இரு முனையும் பிரியாமல், ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீற வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் விதையையும் சிறு கரண்டியின் காம்பால் வழித்துவிட வேண்டும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பும் ஒரு ஸ்பூன் ஓமமும் சேர்த்து உட்புறம் மெல்லத் தடவுங்கள். ஒரு கிண்ணம் கடலை மாவு, இரண்டு கரண்டி அரிசி மாவு, உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, தோய்த்து, நிதானமான தீயில் பொரித்தெடுக்க வேண்டியதுதான்.

என் தகப்பனாருக்கு நெல்லூரில் உத்தியோகமாக இருந்தபோது, அடுத்த வீட்டுத் தெலுங்கு மாமியிடம் அம்மா கற்றுக்கொண்ட கைப்பாகம் இது. அப்பாவோ சிநேகிதர்கள் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். வருகிறவர்களெல்லாம் அம்மாவின் பஜ்ஜிக்காகவே வந்தார்கள் என்றால் மிகையில்லை. தலைக்கு நாலு என்பது கணக்கு.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். குழந்தைக்கு மூன்று மாதம். ஒரு நாள் மாலை கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே சிரிப்பும் சப்தமும். அக்கா கிணற்றடியில் இருந்தாள். தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுதது.

"அம்மா, குழந்தையைக் கொஞ்சம் எடேன்!" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

அம்மா ஓடி வந்தாள். பாட்டியின் முகத்தைக் கண்டதும் குழந்தை இரண்டு கைகளையும் ஆட்டியது. அம்மாவோ தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் தொடக் கூடாதுடி. கையெல்லாம் எரிகிறது. நீயே சீக்கிரம் வா!"

கூடத்திலிருந்து அப்பா இதைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தார். மருதாணி இட்டாற்போல் சிவந்திருந்தது.

அடுத்த முறை சிநேகிதர்கள் வருவதற்கு முன் அப்பா சமையலறையில் மணை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து மிளகாய் கீறினார். ஆறாவதில் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்யப் போய்க் கண்ணைத் தொட்டுவிட்டார்! அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? அன்று முதல் தலைக்கு நாலு என்பது இரண்டாயிற்று.

அம்மா குளிர்ந்த நீரில் எத்தனை கழுவியும் எரிச்சல் அடங்காததன் காரணம் இப்போது தெரிகிறது. மிளகாயின் காரமெல்லாம் விதையில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காரம் ஊறுவது அந்த வெள்ளை நரம்பில்தான். காப்சைசின் என்கிற அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். உடம்பில் சூட்டை உணர்வதற்கென்று உள்ள நரம்பு வாயிலையே அதுவும் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெருப்பே படாமல் கை தீயாய் எரிகிற மர்மம் இதுதான்.

ஆகவே, மிளகாயைக் கீறுமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீர் உதவாது, எரிச்சலைக் கிளப்பிவிடும். உறை கிடைத்தால் இன்னும் உத்தமம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் இந்தப் பஜ்ஜி உண்டு. ஆனால் ஒரு சட்டம். தின்கிறவர்கள் எல்லோரும் தலைக்கு இரண்டு மிளகாய் கீற வேண்டும். கைக்குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு!