கப்பல் நிற்கும் ஒரு பகல்

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களில் பல, காலையில் கரை சேர்ந்து மாலையே கிளம்பிவிடுகின்றன. அந்த ஒரு பகலில் பயணிகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டால் மாமல்லபுரம், காஞ்சிபுரம் என்று பட்டியல் நீள்கிறது. திருப்பதியையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆசைப்படுபவர்கள் எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் உண்டு. வெதுருகுப்பத்தில் இருந்துகொண்டே சொல்கிறேன்: அந்தப் பயணி அன்றைக்கு எங்கள் பக்கம் வர வேண்டாம். துறைமுக வாசலைச் சுற்றி நடை தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் அந்த நாளைச் சரியாகச் செலவிடும் வழி.

கப்பல் எட்டு மணி நேரம் நின்றாலும் அத்தனையும் பயணியின் கைக்கு வருவதில்லை. குடியேற்றச் சோதனையும் வாசல் காவலும் காலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மாலையில் நங்கூரம் எடுப்பதற்கு வெகு முன்பே ஏறிவிட வேண்டும். மிஞ்சுவது ஆறு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். திருப்பதி 130 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பவே அந்த ஆறு மணி நேரம் சரியாகப் போய்விடும். மலையேறுவதற்கும் தரிசன வரிசையில் நிற்பதற்கும் நேரம் எங்கே? ஆசியாவின் மற்றத் துறைமுகங்களிலும் இதே கதைதான். பாங்காக் பார்க்கலாம் என்று நம்பி லேம் சபாங்கில் இறங்குகிறவர்கள் நகரத்தை எட்டவே இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். கொழும்பில் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோட்டையும் புறக்கோட்டைக் கடைத்தெருக்களும் சிவப்புப் பள்ளிவாசலும் துறைமுகத்தை ஒட்டியே கிடக்கின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து போன ‘எம்பிரஸ்’ கப்பல் காங்கேசன்துறையைத் தொட்டபோதும், கீரிமலைக் கேணியும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன.

சென்னைக்கும் அந்த நற்பேறு உண்டு. அதை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பதே என் வருத்தம். ராஜாஜி சாலைக்கு வந்துவிட்டால் ஒரு பக்கம் புனித ஜார்ஜ் கோட்டை, மறுபக்கம் பாரிமுனை. கோட்டைக்குள் 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று மரமே சேர்க்காமல் கனமாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளியே முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்களையே தளமாகப் பாவியிருக்கிறார்கள். லத்தீன் எழுத்துக்களின் மேல் கால் படாமல் நடப்பது கடினம். அங்கிருந்து வடக்கே உயர் நீதிமன்றம். அதன் கோபுர உச்சியில் 1894 முதல் பல பத்தாண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது. எதிரே ஆர்மேனியன் தெரு. அங்குள்ள ஆர்மேனியத் தேவாலயம் 1772-ல் எழுந்தது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் வெளிவந்தது ஆர்மேனியாவில் அல்ல, 1794-ல் இந்தச் சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறை இந்தத் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் அடுத்தடுத்த தெருக்களில் கச்சாலீஸ்வரர், காளிகாம்பாள், வள்ளலார் பாடிய கந்தகோட்டம். கடல் வாணிபத்தால் பிறந்த ஊர் எப்படி இருக்கும் என்பதைக் கடல் வழியாக வந்தவர் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. எங்கள் சந்திரகிரியும் அந்தக் கதையில் இருக்கிறது. 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்குக் கொடுத்த இடத்தை, சந்திரகிரியை ஆண்ட அரவீடு மரபின் மூன்றாம் ஸ்ரீரங்கர் 1645-ல் உறுதிப்படுத்தினார். கோட்டையைப் பார்ப்பவர் எங்கள் வரலாற்றின் ஒரு நுனியையும் தொட்டுவிடுகிறார். சந்திரகிரி ராஜமகாலைக் காண இரண்டு நாள் எடுத்துக்கொண்டு தனியாக வரட்டும். அவரை மனதார வரவேற்போம்.

மாமல்லபுரத்தைப் பார்க்காமல் எப்படி என்பார்கள். நியாயமான கேள்விதான். 1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம் அது. ஐந்து ரதங்களுக்கு ஈடு சொல்ல ஜார்ஜ் டவுனில் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் இந்தப் பக்கம் மறுபடி வர வாய்ப்பில்லாத ஒருவர் அங்கே போகட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது ஒன்றுக்கு மட்டும் போகட்டும். காஞ்சிபுரத்தையும் அதே பகலில் திணித்தால், அர்ச்சுனன் தபசு எதிரே நின்று பார்க்க வேண்டிய கண்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு மறுப்பு, பாரிமுனையின் நெரிசலும் குப்பையும் வெயிலும். இதை மழுப்ப முடியாது. காலையிலேயே நடையைத் தொடங்கினால் வெயில் ஓரளவு அடங்கும். நெரிசல் அந்த இடத்தின் தொழிலே. மொத்த வியாபாரிகளும் மூட்டை தூக்குபவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் போன பிறகு மிஞ்சும் ஜார்ஜ் டவுனைப் பார்த்து என்ன பயன்? குப்பை வேறு விஷயம். அது பயணிக்காக அல்ல, அங்கே அன்றாடம் பிழைப்பவர்களுக்காகவே அகற்றப்பட வேண்டியது.

செலவழியும் பணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டிய பேருந்தில் போகிறவர் கொடுக்கும் பணம் முன்பதிவிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நடந்து போகிறவர் காபிக் கடையில் கொடுக்கிறார், பூக்காரம்மாவிடம் கொடுக்கிறார், உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கிறார். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. துறைமுக வாசலிலிருந்து பாரிமுனைவரை நிழலோடு உடையாத நடைபாதை, நம்பி நுழையக்கூடிய ஒரு கழிப்பறை, கோட்டை வாசலில் அடையாளச் சீட்டைப் பார்த்து விரைவாக உள்ளே விட ஒரு தனி வரிசை ஆகியவை முதலில் வரட்டும்.