காதுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியுமா?

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எந்த அம்மாவும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். ‘சுர்’ரென்ற சத்தம் போதும். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்ததல்ல அது. செய்து செய்து கைக்கு வந்தது.

அதே அம்மா வேலைக்குப் போகும் இடம் பட்டாசு ஆலையாக இருந்தால்?

தர்மபுரி மாவட்டத்துக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2023 மார்ச் 16 அன்று பென்னாகரம் அருகே நாகதாசம்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 2 பெண்கள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 24 அன்று கம்பைநல்லூர் அருகே பட்டாசுக் குடோன் வெடித்து 3 பெண்கள் இறந்தார்கள். ஐந்து பேருமே பெண்கள்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. பட்டாசு தயாரிக்கும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்புக் கருவி உரசினால் தீப்பொறி வரும். அதனால் அதைத் தொடக் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணியில் நிலைமின்சாரம் சேரும். பருத்திப் புடவைதான் நல்லது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பயிற்சி என்றாலே வரிசையாக நாற்காலி போட்டு, ஒருவர் மைக்கில் பேசி, கடைசியில் கையெழுத்து வாங்குவது என்று நமக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருஷம் ஆன ஒரு பெண்ணிடம், “புரியுதாம்மா?” என்று கேட்டால், “புரியுதுங்க சார்” என்றுதான் பதில் வரும். புரிந்ததா என்பது மணி அடிக்கும்போதுதான் தெரியும்.

அதனால் முதலில் மணியை அடித்துப் பார்க்க வேண்டும். மருந்துக்குப் பதில் மணலை வைத்து வேலை செய்யச் சொல்லி, திடீரென்று அடிக்க வேண்டும். எல்லோரும் வெளியே வர எத்தனை விநாடி ஆனது? யார் செருப்பைத் தேடினார்? யார் டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பினார்? கதவோரம் அடுக்கிய அட்டைப்பெட்டி யார் காலை இடறியது? ஒருமுறை இடறி விழுந்தவர் மறுநாள் அந்த இடத்தில் பெட்டி வைக்க விடமாட்டார். அதற்குத் தனியாக ஒரு அறிவுரை தேவையில்லை.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும் என்பதும் அப்படித்தான். பதற்றத்தில் மூளை யோசிக்காது. ஏற்கெனவே ஒருமுறை உருண்டு பார்த்த உடம்புதான் உருளும்.

இன்னொன்றும் உண்டு. பத்து வருஷம் அந்த வேலை பார்த்தவர்களுக்கு, எந்த மூலை ஆபத்து என்பது பயிற்சி கொடுக்க வருபவரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். “உங்களுக்கு எந்த இடம் பயமா இருக்கு?” என்று கேட்டால் சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு, பயிற்சிக்குப் போகும் ஒரு மணி நேரமும் நஷ்டம்தான். அந்த நேரத்துக்கும் கூலி கொடுத்தால்தான் மனசு அங்கே இருக்கும்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வேலைக்குப் போகிறார்களா? “பயிற்சி கொடுத்தாங்களாம்மா?” என்று கேட்காதீர்கள்.

“மணி அடிச்சா எந்தக் கதவு வழியா வெளிய வருவீங்க?” என்று கேளுங்கள்.

பதில் யோசிக்காமல் வர வேண்டும்.