பாட்டு மலிவு, பெட்டி கிராக்கி

மாட்டுங்காவில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. வித்வானுக்குப் பின்னால் தம்புரா இல்லை. உள்ளங்கை அகல மின்னணுப் பெட்டி சுருதி சேர்க்கிறது. சில சமயம் கைபேசியே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. பெட்டி மாறியதால் ராகம் மாறிவிடவில்லை. தம்புரா மீட்டத் தெரிந்தவர்தான் மேடையில் குறைந்துவிட்டார்.

இதே மாற்றம் சில கிலோமீட்டர் தெற்கே, லோயர் பரேலின் பழைய மில் வளாகங்களில் முளைத்த இரவு கிளப்களில், இன்னும் அதிகச் சத்தத்தோடு நடந்து முடிந்திருக்கிறது. அங்கே ஆட்டம் போட வைப்பவர் டிஜே. ‘டிஸ்க் ஜாக்கி’ என்பதன் சுருக்கம் அது. இன்று அவரிடம் பெரும்பாலும் டிஸ்க் கிடையாது.

ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972ல் கொண்டுவந்த எஸ்.எல்.1200 என்ற சுழல்மேடைதான் உலகம் முழுக்க கிளப்களில் நெடுங்காலம் கோலோச்சியது. ஒன்றே நல்ல கனம். இரண்டை அருகருகே வைத்து, ஒன்றில் பாட்டு ஓடும்போதே மற்றொன்றின் தாளத்தை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அதற்குக் காது பழக வேண்டும், இசைத்தட்டும் வேண்டும். லெட் செப்பெலினின் ராபர்ட் பிளான்ட்டும் ஜிம்மி பேஜும் 1972ல் வந்து வாசித்துவிட்டுப் போன கொலாபா ‘ஸ்லிப் டிஸ்க்’ காலத்தில், புதிய வெளிநாட்டுத் தட்டு பெரும்பாலும் விமானத்தில் போய்வருபவரின் பெட்டியில் வரும் சரக்கு. நூறு தட்டு சேர்த்தால் இருபது கிலோ கனக்கும். யாரிடம் தட்டு இருந்ததோ அவரே டிஜே.

பிறகு மாற்றங்கள் மளமளவென்று வந்தன. பயனியர் நிறுவனம் 1994ல் டிஜேக்களுக்கான சி.டி. பிளேயரை வெளியிட்டது. 2001ல் வந்த சி.டி.ஜே.1000, மேலே இருந்த பெரிய சக்கரத்தால் இசைத்தட்டைக் கையால் தேய்க்கும் வித்தையையும் சாத்தியமாக்கியது. 2009ல் சி.டி.ஜே.2000 பென் டிரைவை ஏற்றது. 2020ல் வந்த சி.டி.ஜே.3000ல் சி.டி. நுழையும் வாயே இல்லை. சக்கரம் மட்டும் பழைய தட்டின் ஞாபகமாக இருக்கிறது. டெக்னிக்ஸ் 2010ல் தன் சுழல்மேடையை நிறுத்தி, ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் 2016ல் மீண்டும் ஆரம்பித்தது. அதே 2016ல் மும்பை காலா கோடாவின் புகழ்பெற்ற இசைத்தட்டுக் கடை ‘ரிதம் ஹவுஸ்’ கதவை மூடியது.

மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாக நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். அங்குள்ள பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரம் கழித்த பிளாஸ்டிக் தரம் பிரிக்கப்பட்டு, அரைபட்டு, குருணையாகிறது. கேசட் கூடும் பிளாஸ்டிக், சி.டி.யின் உடம்பும் பிளாஸ்டிக். உலகம் கைவிடும் இசை வடிவங்கள் கடைசியில் வந்து சேர்வது இதுமாதிரி இடங்களுக்குத்தான்.

தாராவிக்கு இன்னொரு முகமும் உண்டு. பா. இரஞ்சித்தின் ‘காலா’வில் (2018) சந்தோஷ் நாராயணன் இசையில் இந்த ஊர் டோப்அடெலிக்ஸ் குழுவின் ராப் ஒலித்தது. 2019ல் ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ தாராவிச் சந்துகளை நாடெங்கும் காட்டியது. ‘தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்’ இங்குள்ள பிள்ளைகளுக்கு ராப், பிரேக் டான்ஸ், பீட்பாக்ஸ் ஆகியவற்றை இலவசமாகக் கற்றுத்தருகிறது. ஹிப் ஹாப்புக்கு நான்கு அங்கங்கள்: ராப், நடனம், சுவரோவியம், டிஜே. 1973ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அது பிறந்ததே இரண்டு சுழல்மேடைகளின் மேல்தான். ஆனால் ராப்புக்கு வாய் போதும், நடனத்துக்குத் தரை போதும், ஓவியத்துக்குச் சுவரும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும். முதல் போடாமல் ஆரம்பிக்க முடியாதது டிஜே வேலை ஒன்றுதான். தாராவியின் பெயரை வெளியே கொண்டுபோனவர்கள் பாடியவர்களும் ஆடியவர்களுமாக இருப்பதில் அதிசயமில்லை.

டிஜிட்டல் இந்தத் தடையைப் பாதி உடைத்திருக்கிறது. பாட்டு கிட்டத்தட்ட இலவசம். எந்தப் பாட்டு எந்த வேகம் என்று கணக்கிட்டு பென் டிரைவில் அடுக்கித்தரும் மென்பொருளின் அடிப்படை வடிவமும் இலவசம். 40,000 ரூபாய்க்குள் சிறு கன்ட்ரோலர் வாங்கி லேப்டாப்பில் இணைத்துவிடலாம். இருபது கிலோ சுமந்த தோளுக்கு இப்போது சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ் போதும். கிளப்புக்குள் நுழைந்தால் பணக்காரப் பையனுக்கும் தாராவிப் பையனுக்கும் ஒரே மெஷின்தான்.

மீதிப் பாதிதான் சிக்கல். கிளப்பில் இருக்கும் அந்த மெஷின் ஒன்றுக்கே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். குறைந்தது இரண்டு வேண்டும், நடுவில் மிக்சர் வேறு. வீட்டில் தொட்டுப் பழகியவனுக்கும் மேடையில்தான் முதல் தடவை தொடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தாளத்தைத் தானே இணைக்கும் பொத்தான் வந்துவிட்டது. கூட்டத்தின் நாடி பிடிக்கப் பொத்தான் வரவில்லை.

கிளப் வாசல் திறக்காத பையன்களுக்கு இன்னொரு மேடை உண்டு: கல்யாணமும் கணபதி ஊர்வலமும். தாராவியிலும் செம்பூர் திலக் நகரிலும் ‘டிஜே’ என்றால் ஆள் அல்ல, லாரியில் அடுக்கிய ஸ்பீக்கர். மராட்டியர் அதை ‘டால்பி’ என்பார்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ம் ஆண்டு விதி. பண்டிகைக்காகச் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை சலுகை. ஊர்வலத்தில் டிஜே, டால்பிக்கு இருந்த தடையை நீக்க மும்பை உயர்நீதிமன்றம் 2018ல் மறுத்தது. தூக்கம் கெடும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் அது நியாயம். ஆனால் பழக இருந்த ஒரே மேடையும் அந்தப் பையனுக்குச் சுருங்கியது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சபாக்கள் கச்சேரியோடு நிற்பதில்லை, சங்கீத வகுப்பும் நடத்துகின்றன. மேடை கிடைக்கும் முன் சாதகம் வேண்டும் என்பது அங்கே பால பாடம். தாராவிக்கும் தேவை அதுதான்: கிளப்பில் இருப்பது போன்ற ஒரு ஜோடி பெட்டி, சத்தம் வெளியே போகாத ஒரு அறை, சாயங்காலம் இரண்டு மணி நேரம்.