டீச்சர் கடலில் மிதந்த கதை



போன வாரம் என் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். சுடிதார், அதற்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், தலையில் தொப்பி, கையில் துடுப்பு. "டீச்சர், அது நிசமாவே நீங்கதானுங்களா?" என்று கேட்டவர்கள் பலர். என் நாத்தனார் மட்டும், "இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் வேணுங்களா அண்ணி?" என்றார்.

அது நான்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை அழைத்துப்போனது என் பழைய மாணவி. 2003இல் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கடலில் கயாக் ஓட்டி, கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் தீவு பார்க்கும் இரண்டு நாள் பயணம். "டீச்சர், நீங்க வந்தே ஆகோணும். நானிருக்கறனுங்க, பயப்படாதீங்க" என்றாள். கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்காரும் ஒல்லியான சின்னப் படகு. துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டு இருக்கும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது. இது உங்களில் பலருக்குத் தெரியாத விஷயம். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெரிய கிணறு இருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். நான் கிணற்று மேட்டில் அவர்களுடைய சட்டையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்?" என்று அப்பத்தா ஒரு தடவை சொன்னார். அதோடு முடிந்தது. பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருடம் "நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு தீவில்கூடக் கால் வைத்ததில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். சேலையை விட்டுச் சுடிதார் போட்டதே எனக்குப் பெரிய காரியம்.

சனிக்கிழமை காலை கடலுக்குள் இறங்கினோம். அந்தப் பக்கம் பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அலையும் குறைவு. ராமேஸ்வரம் பக்கத்தில் இதைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பெண்கடல்தான் கொந்தளிக்குமாம். வெயில் ஏற ஏறக் காற்றும் கிளம்பிவிடும் என்பதால் விடிந்ததும் தொடங்கிவிட்டார்கள்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு என் மகனைவிட வயது குறைவு. மீனவர் வீட்டுப் பிள்ளை. லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். காதுக்கு ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மார்பளவு தண்ணீரில் நிறுத்தி, "அம்மா, விழறதுதான் முதல் பாடம். வேணும்னே படகைக் கவுக்கப் போறேன். மூச்சை இழுத்துப் புடிங்க. படகை மட்டும் விட்டுராதீங்க" என்றார்.

கவிழ்த்தார். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். ஒரு நொடி உலகமே இல்லை. அடுத்த நொடி யாரோ பின்னால் பிடித்துத் தூக்கியது போல மேலே வந்துவிட்டேன். யாரும் தூக்கவில்லை. நானாகவே மிதந்துகொண்டிருந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், வகுப்பில் வருடா வருடம் ஒரு சோதனை செய்வோம். நம்ம ஊர் முட்டையைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். கரண்டி கரண்டியாக உப்பைக் கரைத்தால் மேலே வரும். அதுதான் கண் முன்னால் வந்தது. கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். நல்ல முட்டை அதில் மூழ்கத்தான் செய்யும். ஆனால் நெஞ்சு நிறைய மூச்சு இருந்தால் நம் உடம்பு அதில் மிதக்கும். அத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது உடம்பில் புரிந்தது 64ஆம் வயதில்.

பிறகு இருவர் கயாக்கில் ஏறினோம். நான் முன்னால், அவள் பின்னால். பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும். முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப் போட வேண்டும். கை வலித்தது. "கையால இழுக்காதீங்கம்மா, இடுப்பைத் திருப்புங்க" என்றார் தம்பி. திருப்பினேன், படகு ஓடியது. அடியில் தெளிந்த தண்ணீரில் வயல் மாதிரி கடற்புல். ஆவுளியா என்று அவர்கள் சொல்லும் கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். அதைக் காப்பதற்காகவே 2022இல் நம் அரசு, வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. எங்களுக்கு ஆவுளியா கண்ணில் படவில்லை.

அன்று இரவு கடற்கரையில் கூடாரம். அவர்களுக்கு மீன் குழம்பு. சனிக்கிழமை கவிச்சி தொடாத எனக்கு ரசம். முழங்கால் வலியோடு குனிந்து உள்ளே போய்ப் படுத்தேன். வெளியே அலைச் சத்தம். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"டீச்சர், ஏழாவது படிக்கறப்ப என்னை அடிச்சீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. மதிய இடைவேளையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு அண்ணனோடு நீச்சலடிக்கப் போய்விட்டாள். ஈரத் தலையோடு வந்தவளைப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஸ்கேலால் உள்ளங்கையில் இரண்டு அடி போட்டேன்.

"வலிக்கு நான் அழுவலைங்க டீச்சர். எங்க அண்ணனும் கூடத்தான வந்தான்? அவன உட்டுட்டு என்ன மட்டும் அடிச்சீங்க. அதுக்குத்தான் அழுதேன்."

எனக்குப் பதில் வரவில்லை. சொல்ல ஒரு காரணம் இருந்தது. 1996இல் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று அம்மாவோடு ஏரிக்குத் துணி துவைக்கப் போய், கால் வழுக்கி, திரும்பி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தவள் நான். அன்றிலிருந்து தண்ணீர்ப் பக்கம் போகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு நடுக்கம். இருட்டில் அதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா பொழச்சிருக்குமுங்களே டீச்சர்" என்றாள்.

குற்றம் சாட்டும் குரலில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் தாய்நாடு திரும்பிக் கரையிறங்கியது இதே குந்துகாலில்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. அதனால் தீவில் இரவு தங்க முடியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்துவிட்டார்கள். அரண் போனதும் அலை மண்ணைத் தின்றது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. தீவு என்றால் நிலையானது என்று நினைத்துத்தானே பாடம் நடத்தினேன்!

திரும்பி வரும்போது பக்கத்தில் இருக்கும் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தேன். நாம் இனிப்பு செய்யும் அகர் அகர் இந்த மாதிரிப் பாசியிலிருந்து வருவதுதான். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். இந்த ஊர் லட்சுமி என்பவர் 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது வாங்கியிருக்கிறார். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு என் வயதிருக்கும். "எத்தனை வயசுல நீச்சல் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "நடக்கக் கத்துக்கிட்டது எப்பன்னு கேட்டா சொல்ல முடியுமா?" என்று சிரித்தார்.

வீடு வந்ததும் இதை எழுதத் தோன்றியது. தண்ணீரிலிருந்து தள்ளி வைத்தால் காப்பாற்றியதாக நினைத்தேன். அதிலும் ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று. என்னிடம் அதற்காக அடி வாங்கிய பெண்களே, மன்னியுங்கள். உங்கள் மகள்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் தண்ணீரிலேயே கூட இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டோ, சுரைக்குடுக்கையோ, ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தனியாகப் போகக் கூடாது என்ற கண்டிப்பு இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. வரும் மே லீவில் சேலத்திலிருந்து வருகிறாள். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. என் தம்பி பரணிலிருந்து பழைய சுரைக்குடுக்கையைத் தேடி எடுத்துவிட்டான். அவள் இறங்குகிறாள். அவளுக்கு அடுத்து நான்.

யாரும் சிரிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்