விசில் அவன் கையில்

ஜனவரி 6, செவ்வாய்

என் வகுப்புப் பையன் சென்னையிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் ஜூலையிலிருந்து அவனுக்கு விடுப்புதான். ரத்தப் புற்றுநோய். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் வைத்தியம். "சாப்பிட்டியாடா?" என்றேன். அப்பத்தா பதில் சொன்னார். "வலிக்குதா?" என்றேன். அம்மா பதில் சொன்னார். அவன் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் வட்டம் போட்ட தேதியெல்லாம் ரத்தப் பரிசோதனையும் ஊசியும்தான். எட்டாவது படிக்கும் அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 8, வியாழன்

அவன் அம்மா பள்ளிக்கே வந்தார். நோயாளிப் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பு ஒன்று இருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாராம். வீட்டில் பேச்செடுத்ததும் கணவர் சத்தம் போட்டு அழுதிருக்கிறார்: "கடைசி ஆசை கேக்குற நெலமைக்கா வந்துட்டோம்?" 2018-ல் கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லையாம்.

ராத்திரி படித்துப் பார்த்தேன். 1980-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயது கிறிஸ் கிரீசியஸ் போலீஸ் ஆக ஆசைப்பட்டான். சீருடை தைத்துக் கொடுத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, அவனைப் போலீஸ்காரன் ஆக்கினார்கள். சில நாளில் இறந்துவிட்டான். அதிலிருந்து பிறந்ததுதான் மேக் எ விஷ். இந்தியாவில் 1996 முதல் இருக்கிறது. மூன்று வயது முதல் பதினெட்டுக்குள் உள்ள பிள்ளைகளுக்கானது. தொடக்கம் ஒரு சாவு என்பதால் 'கடைசி ஆசை' என்ற பயம் ஒட்டிக்கொண்டது போல. ஆனால் ஆசை நிறைவேறிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிழைத்து, வளர்ந்து, வேலைக்கும் போகிறார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

அவன் அப்பாவிடம் பேசினேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியதுதான் அடையாறு ஆஸ்பத்திரி. "நம்ம புதுக்கோட்டைக்காரம்மா, கைவிடுறதுக்கா கட்டினாங்க? வைத்தியம் முடிய ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க. அதுவரைக்கும் புள்ள ஊசிக்காக மட்டும் காத்துக் கிடக்கணுமா?" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன்கிட்டயே கேளுங்க டீச்சர்" என்றார்.

ஜனவரி 12, திங்கள்

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கண்டக்டர்." ஏன் என்றேன். "தஞ்சாவூர் பஸ்ல எத்தனை தடவ போயிருக்கேன். டிரைவரே ஆனாலும் அவர் விசில் அடிச்சாத்தானே எடுக்கணும்?"

இதற்கு எந்த அமைப்புக்கும் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊர் கறம்பக்குடியிலேயே முடிகிற காரியம்.

ஜனவரி 18, ஞாயிறு

தனியார் பஸ் முதலாளி ஒருவர் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு, முதல் டிரிப்புக்கு முன்னால், காலி பஸ். டாக்டரிடம் அம்மா போனில் கேட்டார். ரத்த அணுக்கள் போதுமான அளவு இருந்தால் போகலாம். கூட்டம் கூடாது, ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் மாஸ்க். விசில் புதிதாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. காலண்டரில் 25-ஐ அவனே வட்டம் போட்டான், பச்சை மையில். இரண்டு நாளாக மாத்திரைக்கு அடம் இல்லையாம். "அணு கொறஞ்சா பஸ் போயிடும்" என்று அவனே அப்பத்தாவுக்குச் சொல்கிறான்.

ஜனவரி 25, ஞாயிறு

காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், வீட்டார், நான். "உள்ள போ, உள்ள போ!" என்று காலி பஸ்ஸில் அதட்டினான். அப்பா நூறு ரூபாயை நீட்டினார். "சில்லறையா குடுங்க. இல்லாட்டி எறங்குங்க." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். ஆலங்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். நடுவில் களைத்துப்போய் உட்கார்ந்தான். அம்மா எழுந்ததும் கையால் தடுத்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் பரிசோதனைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒஹாயோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ஆசை நிறைவேறிய பிள்ளைகள் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர நேர்வது குறைந்திருந்தது என்கிறது. ஆசை மருந்து ஆகாது. அவன் அணுக்களை அது கூட்டாது. ஆனால் ஜூலையிலிருந்து அவனுக்கான எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்தார்கள். ஒன்றை மட்டும் அவன் தீர்மானித்தான். வீட்டாருக்கும் அவனை நோயாளியாகப் பார்க்காத ஒரு காலைப்பொழுது கிடைத்தது.

இந்த ஏழு மாதத்தில் அந்த அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பத்தாவோடு அவள் தனியாகத்தான் இருப்பாள். நாளை பள்ளி விட்டதும் போய்க் கேட்க வேண்டும்.