பல் இழுக்கும், பாதம் தடுக்கும்

மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஒருங்கே சுமந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்துகொண்டிருந்த மண்முனைப் 'பாதை'க்குப் பதிலாக, ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் இப்பொழுது இருப்பதனால், படுவான்கரைக்குச் செல்லும் பிரயாணம் முன்போலச் சிரமமானதன்று. மகிழடித்தீவைக் கடந்து கொக்கட்டிச்சோலையில் இறங்கி, தான்தோன்றீஸ்வரரைத் தரிசித்து, பறங்கித் தளபதியின் முன்னிலையில் எழுந்து புல் தின்றதாக ஐதீகம் கூறும் கல் நந்தியையும் பார்த்துவிட்டு, நான் தேடிச் சென்றது ஒரு வீட்டு விறாந்தையை. அங்கே மூன்று பெண்கள் வெட்டுத்துணிகளை இணைத்துக் கனத்த விரிப்புகள் தைக்கிறார்கள்.

இந்த வெக்கையில் கனத்த விரிப்பு யாருக்கு என்ற சந்தேகம் எனக்கும் எழுந்தது. தரையில் பாய்க்கு மேலே விரித்துக் குழந்தைகளைக் கிடத்துவதற்கென்றும், மாரி மழை விடாது கொட்டும் மார்கழியில் கிழவர்கள் போர்த்திக்கொள்வதற்கென்றும் விடை வந்தது. மேலே பல நிறத் துண்டுகள், அடியில் ஒரே சீத்தைத் துணி, நடுவில் பழைய பருத்திச் சேலை. பஞ்சு வைத்தால் மழைக்காலத்தில் காயாது நாறும் என்பதனால் அதனைக் கைவிட்டுவிட்டார்கள். துண்டுகள் ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவு. கிலோக் கணக்கில் வாங்கப்படுகின்றன. 1977க்குப் பிறகு பெருகி, 1992இல் அரசாங்கம் அறிவித்த இருநூறு தொழிற்சாலைத் திட்டத்தினால் நாட்டுப்புறங்களுக்கும் பரவிய அத்தொழில், துணியை மட்டுமல்லாமல் கைத்தேர்ச்சியையும் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மூவருள் இருவர் முன்பு கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள்.

ஆரம்பத்தில் அவர்களிடம் இருந்தது வீட்டுப் பாவனைக்கான ஒரு மின்சார யந்திரம். அது பூத்தையல், பொத்தான் துளை, வளைதையல் என்று பல வித்தைகளை அறிந்தது; மூன்று மடிப்புத் துணியை நேராகத் தைப்பதற்கு மாத்திரம் அறியாதது. பழுதை எனக்கு விளக்கவேண்டி, மூவரில் மூத்தவர் அதனை மீண்டும் மேசைமேல் வைத்து ஒரு சாண் தூரம் ஓட்டிக் காட்டினார். துணிக்கு அடியிலுள்ள பல் அடித்துணியைப் பற்றிப் பின்னே இழுக்கிறது; மேலிருந்து அழுத்தும் பாதமோ மேல்துணியை உராய்ந்து தடுக்கிறது; ஆகவே ஒவ்வொரு தையலுக்கும் மயிரிழை அளவு பின்தங்கும் மேல்துணி, விரிப்பின் அந்தத்தை அடையும்போது விரற்கடை அளவு மிஞ்சிப் புடைத்து நிற்கிறது. வளைதையலுக்காக ஊசித்தகட்டில் அகலமாக வெட்டப்பட்ட துளைக்குள் தடித்த துணியையும் ஊசி சேர்த்து அமுக்கிவிட, அடியில் நூல் பந்தாய்ச் சிக்கிக்கொள்கிறது.

"பொபினைக் கழட்டுறதும் நூலைப் பிரிக்கிறதுமா நாள் போயிடும் மனே. மறுகா மோட்டர் சூடாகி மணக்கும்," என்றார் அவர்.

அதற்கு மாற்றாக வந்திருப்பது ஒரு பழைய ஜூக்கி. தொழிற்சாலையில் கழித்த யந்திரம். தலை மட்டுமே 25 கிலோவுக்கு மேல். தெரிந்த தையல் ஒன்றே, நேர்த்தையல். சந்தைக்குப் போனால் தையல் வகைகளின் எண்ணிக்கையைக் காட்டி விலை சொல்லும் இக்காலத்தில், ஒன்றை மட்டும் செய்யும் யந்திரத்தை விரும்பி வாங்குவது பின்னோக்கிய நடை என்று தோன்றக்கூடும். எனது அபிப்பிராயம் அதற்கு நேர் விரோதமானது. ஊசி மட்டும் நுழையும் சிறு துளையுள்ள தகட்டில் துணி அமிழ்வதில்லை. ஊசிக்கும் தூணுக்கும் இடையே பத்து அங்குலத்துக்குக் குறையாத வெளி இருப்பதனால், சுருட்டிய விரிப்பு அதனுள் அடங்கிவிடுகிறது. இரண்டு கைகளும் துணியை ஏந்தியிருக்க, முழங்காலால் ஒரு நெம்பைத் தள்ளினால் பாதம் 13 மில்லிமீற்றர் வரை உயர்கிறது.

வேகந்தான் முதலில் பயமுறுத்தியதாம். நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையல் போடவென்று அமைந்த யந்திரம், மிதித்தவுடன் பாய்ந்தது. அதனோடு வந்த கிளட்ச் மோட்டர், தையல் நடவாத வேளையிலும் இரைந்து சுழன்று மின்சாரத்தைத் தின்றது. அதனைக் கழற்றிவிட்டு, மிதிக்கும்போது மாத்திரம் சுழல்வதும் வேகத்தை வேண்டிய மட்டுக்குக் குறைத்து வைக்கக்கூடியதுமான சேர்வோ மோட்டரைப் பூட்டிய பின்னரே அது இவர்களுக்கு இணங்கியது.

மேல்துணி பின்தங்கும் குறை இதிலும் முற்றாக நீங்கவில்லை, ஏனெனில் இதிலும் இழுக்கும் பல் அடியில் மட்டுமே உள்ளது. பாதத்தின் அழுத்தத் திருகைத் தளர்த்தியும், கையகல இடைவெளிக்கொரு வரிசையாக முன்னதாகவே நூலோட்டி மூன்று துணிகளையும் பிணைத்தும் அதனைச் சமாளிக்கிறார்கள். நூலோட்டுவதற்குத் தைப்பதைக் காட்டிலும் நேரம் செல்கிறது. கர்நாடகத்து வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், 'கவந்தி' என்னும் ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைத்து முடிக்கிறார்கள் என்பதை நான் சொன்னபோது, இளையவள் சிரித்துவிட்டாள். "கையால தைச்சா இந்த விலைக்கு ஆர் வாங்குவா, சேர்?" நியாயமான கேள்வி. வாங்குவோர் விரிப்பின் நீள அகலத்துக்கு விலை பேசுகிறார்கள். நூலோட்டும் உழைப்பு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் யந்திரம், தோல்வேலைக்கும் கதிரை மெத்தை தைப்பதற்கும் உபயோகிப்பது, அடுத்ததாக வாங்கப்படவேண்டும் என்பது இளையவளின் பிடிவாதம். மூத்தவர் சம்மதிக்கவில்லை. விரிப்பின் பாரம் மேசைக்கு வெளியே தொங்கி ஊசியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஊசி ஒடிவதும் தையல் கோணுவதும் அதனால்தான். மேசையை இடப்புறமும் பின்புறமும் நீட்டினால் பாதிக் குறை தீரும், அதற்குப் பலகைக் காசு போதும் என்பது அவர் கட்சி. மூன்றாமவர், எந்தப் பக்கமும் சேராதவர், அடுத்த தெருத் தச்சரை ஏற்கெனவே வரச்சொல்லியிருந்தார். தச்சர் வந்து அளவுநாடாவை விரித்தபோது, விறாந்தைத் தூணை விட்டு எத்தனை அடி நீட்டலாம் என்பதில் புதிதாக ஒரு தர்க்கம் ஆரம்பமாயிற்று.