இரு ரொட்டிகளுக்கு நடுவே

தஞ்சைத் தரணியில் சோற்றைத் தவிர வேறொன்றையும் உணவென்று ஒப்புக்கொள்ளாத ஊர்கள் பல உண்டு. எங்கள் திருக்காட்டுப்பள்ளி அவற்றுள் ஒன்று. கல்லணையைக் கடந்து வரும் காவிரி, எங்கள் ஊர்ப் பக்கத்தில் குடமுருட்டியைத் தன்னிலிருந்து பிரித்து அனுப்பிவிட்டுத் திருவையாற்றை நோக்கி நடக்கிறது. ஆற்றில் நீர் வந்தால் வயலில் நெல், படுகையில் வாழை. கோதுமை இம்மண்ணில் விளைவதில்லை. ஆதலால் ரொட்டி எங்களுக்கு அயலூரானாகவே நெடுங்காலம் இருந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது, ரொட்டிப் பொட்டலத்தோடு ஒருவர் பேருந்திலிருந்து இறங்கினால் எதிர்ப்பட்டவர்கள், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் கேட்பார்கள். காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் நனைத்த ரொட்டி. தஞ்சை மருத்துவமனையில் படுத்திருப்பவரைக் காணச் செல்கையில் ரொட்டியும் சாத்துக்குடியும். இதற்கு விலக்காக நம் கல்யாண வீடுகளில் மட்டும் அது ரொட்டி அல்வாவாக உருமாறி, நெய்யொழுகப் பிரியாணிக்குத் துணையாக வந்து அமரும். மற்றபடி அது நோயாளியின் உணவே.

இந்நாட்டில் கோதுமை பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதற்கு 1956-ல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தம் ஒரு காரணம். 1965-ல் நடுவண் அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டியை நகரங்களில் விற்றது. 2000-ல் அது இந்துஸ்தான் லீவரிடம் கைமாறியது. அந்த ரொட்டி எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் ஓரம் காய்ந்திருக்கும் என்பது வேறு கதை.

இன்று நிலைமை மாறிவிட்டது. சுபுஹுத் தொழுகை முடிந்து, மக்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையப் பக்கம் சென்றால், தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் 'பன் பட்டர் ஜாம்' வரிசையாக அமர்ந்திருக்கிறது. பன்னை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் வெண்ணெய், மறு பக்கம் சிவப்பு ஜாம் தடவி மூடிவிடுகிறார்கள். பூதலூரில் ரயில் பிடிக்க விரைகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேருந்தில் ஏறுகிறார்கள். இலை வேண்டாம், உட்கார இடம் வேண்டாம். சாண்ட்விச் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பண்டத்தின் இலக்கணமே இதுதான்.

அப்பெயர் இங்கிலாந்தின் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவால் வந்தது. 1762 நவம்பரில் எட்வர்டு கிப்பன் என்னும் வரலாற்றாசிரியர் தம் நாட்குறிப்பில் எழுதியதே அச்சொல்லின் முதல் பதிவு என்பர். ஆனால் பண்டம் அதனினும் மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதைச் சேர்ந்த இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலை நவால் நஸ்ரல்லாஹ் என்ற ஈராக்கிய அறிஞர் 2007-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அப்பாஸியக் கலீஃபாக்களின் அடுக்களையில் நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. மெல்லிய ரொட்டியில் கோழிக்கறி, வாதுமைக் கொட்டை, புதினா, நாரத்தை வகையொன்று முதலியவற்றைப் பரப்பிச் சுருட்டித் துண்டுகளாக நறுக்கும் 'பஸ்மாவர்த்' அதில் ஆறிய பண்டமாகவே பரிமாறப்படுகிறது. 'வஸ்த்' என்று மற்றொரு வகையும் உண்டு. அதிலேயே ஒன்றைத் தீயில் வாட்டிச் சூடாகவும் உண்டிருக்கிறார்கள். வஸ்த் என்றால் நடு. ரொட்டிக்குப் பெயரில்லை, நடுவே இருப்பதற்குத்தான் பெயர்! அரபு இலக்கணம் நடத்தும்போது இதைச் சொன்னால், உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் விழித்துக்கொள்கிறார்கள்.

அரபுச் சொற்கள் கடல் கடந்து உணவாகிய கதைகளில் முர்தபாவும் ஒன்று. 'முதப்பக்' என்றால் மடிக்கப்பட்டது. மெல்லிய மாவுத் தகட்டில் கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து நான்காக மடித்துக் கல்லில் இடுவது. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடந்துவரும் ஸம்ஸம் உணவகம் அதற்குப் பேர்போனது. என் அத்தா வேலை பார்த்தது அங்கன்று; பேர் சொல்லிக்கொள்ள இயலாத ஒரு சிறு கடையில்.

அத்தா 1976-ல் நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பலேறிச் சபர் போனார்கள். 1998-ல் திரும்பினார்கள். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளும் மாவு பிசைவதும் ரொட்டி போடுவதுமே அவர்கள் தொழில். மூன்றாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார்கள். அப்படி வந்திருந்த 1991 ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள், நான் விடாது நச்சரித்ததால், ரொட்டி ஜான் செய்து காட்டினார்கள். வெள்ளைக்காரர் எவரையும் 'ஜான்' என்று கூப்பிட்ட பழக்கத்தால் அப்பெயர் ஏற்பட்டதாகச் சொல்வதுண்டு. அதற்கு நீளமான பிரெஞ்சு ரொட்டி வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் அது ஏது? தஞ்சையிலிருந்து நீள பன் வாங்கிவரச் செய்தார்கள்.

பெருநாள் கொத்துக்கறியை முதலில் நீரில்லாமல் சுண்ட வைத்தார்கள். "ஈரம் இருந்தா ரொட்டி அழுதுடும் தம்பி" என்றார்கள். அடித்த முட்டையில் அக்கறியையும் பொடியாக அரிந்த வெங்காயத்தையும் கலந்து, காய்ந்த தோசைக்கல்லில் ஊற்றி, பிளந்த பன்னை அதன்மேல் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார்கள். முட்டை வெந்து ரொட்டியைப் பற்றிக்கொண்டதும் ஒரே புரட்டு. அந்த மணத்துக்குத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். சூடாக உண்ணும் ரொட்டிகளில் இதற்கு நிகரானதை நான் இன்றுவரை உண்டதில்லை. ஷவர்மாவும் பர்கரும் இப்போது தஞ்சையில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன; உண்டு பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு அத்தா அடுக்களையின் மூலையில் அமர்ந்து, அம்மா எடுத்து வைத்த பழைய சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டார்கள். "நீங்க திங்கலையா அத்தா?" என்று கேட்டேன். "அது விக்கிற ரொட்டி. இது திங்கிற சோறு" என்றார்கள்.

2015-ல் அத்தாவுக்குச் சர்க்கரை நோய் கண்டது. இரவில் சோற்றைக் குறைத்துக் கோதுமை உணவு கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். பட்டதாரியாகிய நான் அதை உடனே புரிந்துகொண்டேன்! அன்றே கடைக்குச் சென்று வெள்ளை வெளேரென்ற ரொட்டிப் பொட்டலம் வாங்கி வந்தேன். அத்தா ஒன்றும் பேசவில்லை. தேநீரில் நனைத்து, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாலையும் மதரஸாவிலிருந்து திரும்பும்போது ரொட்டி வாங்கிவருவது என் கடமையாயிற்று.

அவர்கள் மெலிவதைக் கண்ட அம்மாதான் வழி ஒன்று கண்டார். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தார். அதில் சின்ன வெங்காயத்தையும் கொத்தமல்லித் தழையையும் பொடியாக அரிந்து போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே வைத்து மூடினார். ரொட்டியின் உட்பக்கத்தில் மெல்ல வெண்ணெய் தடவுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெண்ணெய் தடுத்துக்கொள்வதால் தயிரின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காது. சகோதரிகள் செய்து பார்க்கலாம். வெண்ணெய் வேண்டாமென்று விட்டுவிட்டால் கால் மணியில் கூழாகிவிடும். கூடவே ஒரு வறுத்த மோர்மிளகாய். அத்தா ஒரு கடி கடித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்கள். "சோறில்லாத பழைய சோறு" என்றார்கள். அன்றுதான் இரண்டாவதாக ஒன்று கேட்டு வாங்கி உண்டார்கள்.

நான்கு ஆண்டுகள் இப்படிச் சென்றன. சர்க்கரை மட்டும் குறைந்தபாடில்லை. 2019-ல் தஞ்சையில் வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, இரவில் என்ன உண்கிறார் என்று கேட்டார். நான் பெருமையோடு சொன்னேன். அவர் ஓர் அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார். உண்ட உணவு எவ்வளவு விரைவில் இரத்தத்தில் சர்க்கரையாகிறது என்று காட்டும் அட்டவணை அது. 2008-ல் வெளியான அனைத்துலகக் கணக்கின்படி வெள்ளை ரொட்டிக்கு 75. வெள்ளைச் சோற்றுக்கு 73. கடை ரொட்டி தவிடு நீக்கிய மைதா. முன்னவர் சொன்னது முழுக்கோதுமை. நான்கு ஆண்டுகள் நான் அத்தாவின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிட்டு, அதனினும் மேலானதல்லாத ஒன்றை வைத்திருக்கிறேன்.

பேருந்தில் திரும்பும்போது கண்டியூர் வரை நான் வாய் திறக்கவில்லை. பின்னர் மன்னிப்புக் கேட்பதுபோல் விஷயத்தைச் சொன்னேன். அத்தா சிரித்தார்கள்.

"இருபத்திரண்டு வருஷம் மாவு பிசைஞ்சவன் நான். மைதா எது, கோதுமை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் அத்தா சொல்லலை?"

"தினமும் நீ எனக்காக வாங்கிக்கிட்டு வந்தே. நான் சபர்ல இருந்தப்ப உனக்கு ஒரு நாளாச்சும் வாங்கிட்டு வந்திருக்கேனா?"

மருத்துவர் அளந்து கொடுத்தபடி ஒரு சிறு கிண்ணம் சோறு அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது. வீட்டுக்கு முழுக்கோதுமை ரொட்டி வந்தது. ஆனால் அது அவ்வளவு மென்மையன்று. அதற்கும் தயிர்தான் துணை.

2020 ஜூன் 12-ல், எட்டாண்டுகளுக்குப் பின் மேட்டூர் அணை குறித்த நாளில் திறக்கப்பட்டது. சில நாட்களில் கல்லணையிலும் நீரை விட்டார்கள். கொரோனாக் காலம், எங்கும் போகக் கூடாதென்று கட்டுப்பாடு. அத்தாவுக்கு நடை தளர்ந்திருந்தது. ஆயினும் ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்கவேண்டுமென்று பிள்ளைபோல் பிடிவாதம் பிடித்தார்கள். அஸருக்குப் பின் கரைக்கு அழைத்துப்போவதென்று முடிவாயிற்று. அம்மா கிண்ணத்தில் தயிர்ச்சோறு எடுத்து வைக்கப் போனார்.

"சோறு வேணாம். போற வழிக்கு ரொட்டிதான் தோது" என்றார்கள் அத்தா.

அம்மா நான்கு ரொட்டிகளைத் தயிர் வைத்து மூடி, அனலில் வாட்டிய வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். கரையில் நாங்கள் அமர்ந்தபோது மணலின்மேல் நுரை தள்ளிக்கொண்டு புதுநீர் வந்துகொண்டிருந்தது. சருகும் குச்சியும் அதன் முன்னே ஓடின. அத்தா இலையைப் பிரித்து எனக்கொன்று எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாம் ஒன்றை எடுத்தார்கள். பாதி உண்டதும் இலைக்குள் விரலால் துழாவினார்கள்.

"உங்கம்மா மோர்மிளகாய் வைக்க மறந்துட்டா தம்பி."

அவ்வாண்டு முடிவதற்குள் அத்தா வஃபாத் ஆகிவிட்டார்கள். இப்போது மக்தப் பிள்ளைகளைக் கல்லணைக்கு அழைத்துச் செல்லும் நாட்களில் அம்மாதான் ரொட்டி கட்டிக் கொடுக்கிறார். முப்பது பொட்டலங்களிலும் மோர்மிளகாய் இருக்கிறதா என்று, கட்டிய இலையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் கூடையைத் தருகிறார்.